கணக்காளர் சங்கங்கள்: உறுப்பினர் வகையும் சந்தாவும்



சந்தா என்னும் சொல் நமக்குப் புதியதன்று. கோயில் திருப்பணிக் குழு, இளைஞர் மன்றம், தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம் என்று நம்மில் பலரும் ஏதேனும் ஓர் அமைப்பில் உறுப்பினராக இருக்கிறோம். ஆண்டுதோறும் சந்தா செலுத்துகிறோம். பற்றுச்சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறோம். அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிறர் கணக்கைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட கணக்காளர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்களின் கதையை இன்று பார்ப்போம். அச்சங்கங்களில் யார் எந்த வகை உறுப்பினர், அவர் என்ன கட்டணம் செலுத்தினார் என்று கேட்டுக்கொண்டே போனால், யாருக்குக் கதவு திறந்தது, யாருக்கு மூடியே கிடந்தது என்பதும் நமக்கு விளங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் யார் வேண்டுமானாலும் வாசலில் ஒரு பலகையைத் தொங்கவிட்டுத் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளலாம். தடுப்பார் இல்லை. கணக்குத் தெரிந்தவரும் அப்படிச் சொன்னார், தெரியாதவரும் சொன்னார். இருப்புப்பாதைக் கம்பெனிகளும் ஆலைகளும் வங்கிகளும் பெருகின. பலருடைய பணத்தைச் சேர்த்துச் சிலர் நடத்தும் கூட்டுப் பங்கு நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுள் பல நொடித்தும் போயின. நொடித்த நிறுவனத்தின் சொத்தைக் கணக்கிட்டுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடும் வேலை கணக்காளர்களிடம் வந்து சேர்ந்தது. அதில் நல்ல வருவாய் இருந்தது. தவறு செய்ய வாய்ப்பும் இருந்தது. ஆகவே, நம்பத் தகுந்தவர் யார் என்று ஊருக்குக் காட்ட ஒரு பட்டியல் தேவைப்பட்டது.

அந்தப் பட்டியலை முதலில் உருவாக்கியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். எடின்பரோ நகரக் கணக்காளர் சங்கத்துக்கு 1854ஆம் ஆண்டில் அரச பட்டயம் கிடைத்தது. அடுத்த ஆண்டில் கிளாஸ்கோ சங்கமும், 1867இல் அபர்டீன் சங்கமும் பட்டயம் பெற்றன. பட்டயக் கணக்காளர் என்று நாம் இன்று வழங்கும் பெயர் அப்படி வந்ததுதான். இங்கிலாந்தில் 1870இல் லிவர்பூலிலும் இலண்டனிலும் சங்கங்கள் தோன்றின. வேறு சில சங்கங்களும் பின்தொடர்ந்தன. 1880ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐந்து சங்கங்கள் ஒன்றாகி, விக்டோரியா மகாராணியாரின் பட்டயத்தோடு இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகமாக மலர்ந்தன. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1878இல், கிளாஸ்கோ நகர வங்கி கவிழ்ந்திருந்தது. வங்கியின் கடனுக்குப் பங்குதாரர்கள் தம் சொந்தச் சொத்தையும் ஈடுகட்ட வேண்டியிருந்ததால், அவர்களுள் பெரும்பாலோர் அடியோடு அழிந்தார்கள். வங்கியின் கணக்கேடுகளில் உண்மை மறைக்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது, கணக்கைப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது.

புதிய கழகம் தன் உறுப்பினர்களை இரண்டு படிகளாகப் பிரித்தது. மேல்படியில் இருந்தவர் ‘பெல்லோ’. நாம் மூத்த உறுப்பினர் என்போம். கீழ்ப்படியில் இருந்தவர் ‘அசோசியேட்’, அதாவது இணை உறுப்பினர். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகளும் வேறுபட்டன. முன்னவர் எப்.சி.ஏ.; பின்னவர் ஏ.சி.ஏ. சொந்தமாக அலுவலகம் வைத்துப் பொதுமக்களுக்காகத் தொடர்ந்து சில ஆண்டுகள் தொழில் செய்தவரே மூத்த உறுப்பினர் ஆகலாம். ஆலையிலோ வங்கியிலோ சம்பளத்துக்கு அமர்ந்தவர், எவ்வளவு திறமை உடையவராயினும், நெடுங்காலம் இணை உறுப்பினராகவே இருக்க வேண்டியிருந்தது. ஆகவே, இந்தப் படி அறிவை அளந்ததைவிட அவர் செய்த தொழிலின் வகையையே அளந்தது எனலாம்.

கட்டணத்துக்கு வருவோம். சேரும்போது ஒரு முறை செலுத்துவது நுழைவுக் கட்டணம். ஆண்டுதோறும் செலுத்துவது சந்தா. மூத்த உறுப்பினரின் கட்டணம் இணை உறுப்பினரின் கட்டணத்தைவிட மிகுதி. இவற்றைக் கினிக் கணக்கில் சொல்வது அக்கால வழக்கம். ஒரு கினி என்பது 21 சில்லிங். பவுனைவிட ஒரு சில்லிங் கூடுதல். கினி நாணயம் அடிப்பது 1814இலேயே நின்றுவிட்டது. ஆயினும் மருத்துவரும் வழக்கறிஞரும் தம் கட்டணத்தைக் கினியில்தான் சொல்வார்கள். பவுனும் சில்லிங்கும் கடைக்காரர் கணக்கு, கினியோ கனவான்கள் கணக்கு என்பது அக்கால மனப்போக்கு. கணக்காளரும் தம்மைக் கனவான்கள் வரிசையில் வைத்துக்கொள்ள விரும்பினர். சந்தாத் தொகையிலேயே அந்த விருப்பம் தெரிகிறதல்லவா?

ஆனால் எல்லாவற்றினும் பெரிய கட்டணம் கழகத்தின் விதிப்பட்டியலில் இல்லை. கழகத்தில் சேர விரும்பும் இளைஞன், ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதி ஐந்தாண்டுகள் பயிற்சி பெற வேண்டும். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவருக்கு மூன்றாண்டுகள். அந்த ஆண்டுகளில் அவனுக்குச் சம்பளம் கிடைப்பது அரிது. சம்பளம் கிடைப்பது போகட்டும். பயிற்சி தரும் ஆசானுக்கு அவனுடைய தந்தை பெருந்தொகை ஒன்றை முன்பணமாகக் கொடுக்கவும் வேண்டும். நடுத்தரக் குடும்பங்களே இதற்குத் தயங்கின. தொழிலாளியின் மகனுக்கு இது எட்டாக் கனி. இத்தகைய பயிற்சிப் பணம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்த வழக்கமாகும்.

ஆகவே கதவுக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கணக்காளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, வேலை முழுவதையும் தாமே செய்து, கையொப்பத்தை மட்டும் முதலாளிக்கு விட்டவர்கள் அவர்கள். நம் தோட்டத்துக் கிராணியாரை நினைத்துப் பாருங்கள். செக்ரோல் முழுவதும் அவர் கையெழுத்து. அடியில் கையொப்பம் மட்டும் துரையுடையது. அவர்களைப் போன்றோருக்கும் இடம் தரும் வகையில், 1885ஆம் ஆண்டில் இன்னொரு சங்கம் இங்கிலாந்தில் எழுந்தது. 1904இல் எட்டுப் பேர் கூடி இலண்டன் கணக்காளர் சங்கத்தைத் தொடங்கினர். அது ஒப்பந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்காமல், பணமில்லாதவருக்கும் வழி விட்டது. பின்னாளில் ஏ.சி.சி.ஏ. என்று உலகெங்கும் பெயர் பெற்ற அமைப்பின் வேர் இதுவே. நம் நாட்டு இளைஞர் பலர், பகலில் வேலை பார்த்து இரவில் அஞ்சல் வழிப் பாடங்களைப் படித்துத் தேர்வு எழுதிக் கணக்காளர் ஆனது இந்தப் பாதை வழியாகத்தான்.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. மேரி ஹாரிஸ் ஸ்மித் என்னும் அம்மையார் இலண்டனில் 1880களிலேயே சொந்தமாகக் கணக்கியல் தொழில் நடத்தியவர். கட்டணம் செலுத்த ஆயத்தமாக இருந்தார், திறமையும் இருந்தது. ஆயினும் பெண் என்பதனால் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. இலண்டன் கணக்காளர் சங்கம் 1909இல் ஈதல் அயர்ஸ் பர்டி என்ற பெண்மணியைச் சேர்த்துக்கொண்டது. பட்டயக் கழகமோ அசையவில்லை. பாலின அடிப்படையில் தகுதி மறுப்பதை நீக்கும் சட்டம் 1919இல் வந்த பிறகே, 1920ஆம் ஆண்டில் ஹாரிஸ் ஸ்மித் அம்மையார் கழகத்தின் மூத்த உறுப்பினர் ஆனார். அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். பணத்தால் திறக்காத கதவை முடிவில் சட்டம்தான் திறந்தது.

இந்த முறை கடல் கடந்து நம் பக்கமும் வந்தது. இந்தியாவில் 1932ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற கணக்காளர் என்ற நிலை ஏற்பட்டது. அதற்குத் தகுதி பெற்ற முதல் பெண்மணி சென்னையைச் சேர்ந்த சிவபோகம் அம்மையார். 1933இல் தேர்வில் வென்றார். ஆனால் விடுதலைப் போராட்டத்தில் கலந்துகொண்டு சிறை சென்றவர் அவர். சிறை சென்றவர் இத்தொழிலில் பதிவு பெற இயலாது என்று விதி குறுக்கே நின்றது. அவர் வழக்காடி வென்று, 1937இல் தம் அலுவலகத்தைத் தொடங்கினார். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தபோது, இணை உறுப்பினர், மூத்த உறுப்பினர் என்ற பழைய இரண்டு படிகளும் அப்படியே தொடர்ந்தன. அக்கழகத்தின் தென்னிந்திய வட்டார மன்றத்துக்கு 1955 முதல் 1958 வரை சிவபோகம் அம்மையார் தலைமை தாங்கினார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டில், அதாவது 1958இல், மலாயாச் சான்றுபெற்ற பொதுக் கணக்காளர் சங்கம் பதிவாயிற்று. அது உறுப்பினர்கள் தாமே விரும்பிக் கூடிய தனியார் சங்கம். பிறகு 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம் மலேசியக் கணக்காளர் கழகத்தை நிறுவியது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாம் கவனிக்க வேண்டும். தனியார் சங்கத்தில் சந்தா கட்டாவிட்டால் பெயருக்குப் பின்னாலுள்ள எழுத்துகள் போகும். சட்டத்தால் அமைந்த கழகத்தின் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கினால், கணக்காளர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையே போய்விடும். ஒரே சந்தாதான், பின்னது பிழைப்போடு பிணைந்தது.

மலேசியச் சட்டம் உறுப்பினரை மூன்று வகையாக வகுத்தது. தகுதி பெற்றுப் பொதுமக்களுக்காகத் தொழில் நடத்துபவர் பொதுக் கணக்காளர். தகுதி பெற்றும் வேலையில் அமர்ந்திருப்பவர் பதிவு பெற்ற கணக்காளர். ஏற்றுக்கொள்ளப்பட்ட தேர்வுத் தகுதி இல்லாமல் முன்பிருந்தே தொழில் செய்துவந்தவர் உரிமம் பெற்ற கணக்காளர். இந்த மூன்றாம் வகையைச் சற்று எண்ணிப் பாருங்கள். புதிய சட்டம் வருகிறது என்பதற்காகப் பழைய மனிதரின் வயிற்றில் அடித்துவிடாமல், அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். பல ஆண்டுகள் பெரும்பாலும் பதிவு வேலையோடு நின்றிருந்த கழகம், 1987க்குப் பின் முழு வீச்சில் இயங்கத் தொடங்கியது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு வகைகளையும் பட்டயக் கணக்காளர் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. அலுவலகம் வைத்தவர், சம்பளத்துக்கு இருப்பவர் என்ற பழைய மேடு பள்ளம் பெயரளவில் மறைந்தது.

சிங்கப்பூரில் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சிங்கப்பூர்க் கணக்காளர் சங்கம் தோன்றியது. 1989இல் அது பெயர் மாற்றம் பெற்றது. 2004இல் பொதுக் கணக்காளரைப் பதிவு செய்யும் பொறுப்பு அரசாங்க ஆணையத்துக்குச் சென்றது. 2013இல் சங்கம் சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் கழகம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. ஆக, அங்கே உறுப்பினராக இருப்பது வேறு, தணிக்கை செய்ய உரிமை பெறுவது வேறு என்று இரண்டும் பிரிந்து நிற்கின்றன.

இந்தச் சந்தாப் பணம் எதற்குப் பயன்படுகிறது என்று நேயர்கள் கேட்கலாம். தேர்வு நடத்துவது, உறுப்பினருக்குத் தொடர்ந்து பயிற்சி தருவது, நூலகம் நடத்துவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் செலவுகள். இவற்றினும் முக்கியமான செலவு ஒன்று உண்டு. தவறு செய்த உறுப்பினர்மீது புகார் வந்தால், அதை விசாரித்துத் தண்டிக்கும் ஏற்பாடே அது. தம்மைத் தாமே கண்காணிக்கத் தம் பையிலிருந்தே பணம் தருவது எளிய செயலன்று. அச்செயலைச் செய்யும் வரைதான் ஒரு சங்கம் ஊராரின் நம்பிக்கைக்கு உரியதாகும். அதைச் செய்யாத சங்கம், உள்ளே இருப்பவர்களின் வருவாயைக் காக்கும் வேலியாக மட்டுமே மிஞ்சும். இந்த வரலாற்றில் நம்பிக்கைக்கு உரிய காவலும் இருந்தது. ஏழையையும் பெண்ணையும் தடுத்த வேலியும் இருந்தது. இரண்டையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் ஊர் மன்றங்களுக்கும் இதில் பாடம் உண்டு. உறுப்பினர் வகையை வகுக்கும்போதும் சந்தாவை உயர்த்தும்போதும், இதனால் யார் வெளியே நிற்கப் போகிறார் என்று ஒரு நிமிடம் கேட்டுக்கொள்வோம். கணக்கியல் படிக்க எண்ணும் மாணவ மணிகளே, உங்கள் பெயருக்குப் பின்னால் ஒருநாள் சில எழுத்துகள் வந்து சேரக்கூடும். அந்த எழுத்துகளுக்காக எழுபது வயது வரை காத்திருந்தவர் ஒருவர் உண்டு. சிறை மீண்டு வந்து வழக்காடியவர் ஒருவர் உண்டு. முதல் சந்தாவைக் கட்டும் நாளில் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.