துணுக்கு வந்த வழி

எங்கள் வீட்டு மர பீரோவில் பைண்டு செய்த தொடர்கதைகள் ஏழெட்டு இருந்தன. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துக் காலிகோ அட்டை போட்டு வைப்பது அத்தையின் வழக்கம். வீட்டில் எல்லோரும் அந்தக் கதைகளைப் படித்தார்கள். நான் முதலில் படித்தது கதைகளை அல்ல. அத்தியாயம் முடிகிற பக்கத்தின் அடியில் மிச்சமிருந்த இரண்டங்குல இடத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த துணுக்குகளைத்தான் படித்தேன். அவற்றிலும் பாதி பைண்டரின் கத்திக்கு இரையாகியிருக்கும். 'ஆப்பிரிக்காவில் ஒரு வகை எறும்பு' என்று ஒன்று ஆரம்பிக்கும். அதற்கு மேல் காலிகோதான் இருக்கும். அந்த எறும்பு என்ன செய்தது என்ற கவலை இன்னும் என்னை விட்டபாடில்லை.

இந்தக் கட்டத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தேடிக்கொண்டு போனால் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. நாடா, பொத்தான், அலங்காரச் சாமான் விற்கும் கம்பெனியில் வேலை பார்த்த ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் அங்கே இருந்தார். 1851இல் பிறந்தவர், பாதிரியார் ஒருவரின் மகன். அவருக்கு ஒரு பழக்கம்: பத்திரிகையில் ரசமான செய்தி எதைக் கண்டாலும் கத்தரித்து வைத்துக்கொள்வார், மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். ஒரு நாள் மாலைப் பத்திரிகையில், குழந்தைகள் ஏறியிருந்த ரயில் வண்டி தானே ஓடத் தொடங்கியதையும் அவர்கள் தப்பிப் பிழைத்ததையும் படித்துவிட்டு, "இதல்லவா ருசியான துண்டு! பத்திரிகை முழுவதும் இப்படியே இருந்தால் எப்படி இருக்கும்?" என்று மனைவியிடம் கேட்டாராம். ருசியான சிறு துண்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள வார்த்தைதான் 'டிட்பிட்'. பத்திரிகைக்குப் பெயர் அப்போதே கிடைத்துவிட்டது.

கிடைக்காதது பணம். அச்சாபீஸ்காரர்களும் முதலாளிகளும் கையை விரித்தார்கள். நியூன்ஸ் என்ன செய்தார் தெரியுமா? மான்செஸ்டரில் ஒரு சைவ உணவு ஹோட்டல் திறந்தார். ஆட்டிறைச்சி தின்கிற தேசத்தில் காய்கறி ஹோட்டல் நடத்தி, அந்த லாபத்தில் பத்திரிகை ஆரம்பித்த மனிதர் வேறு யாரும் இருப்பாரென்று எனக்குத் தோன்றவில்லை. உலகத்தின் துணுக்குகளெல்லாம் உருளைக்கிழங்கிலும் முட்டைக்கோசிலும் முளைத்தவை என்று சொன்னால் மிகையாகாது.

1881 அக்டோபர் 22ஆம் தேதி முதல் இதழ் வந்தது. பதினாறு பக்கம், விலை ஒரு பென்னி. உலகத்திலுள்ள சுவையான புத்தகங்கள், சஞ்சிகைகள், செய்தித்தாள்கள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்த துண்டுகள் என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டது. ஒளிவுமறைவே இல்லை. மான்செஸ்டரில் மட்டும் முதல் இரண்டு மணி நேரத்தில் 5,000 பிரதிகள் போய்விட்டன.

ஏன் அப்படிப் பறந்தது? 1870இல் இங்கிலாந்தில் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. 1880இல் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவது கட்டாயமாயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு புதிய கூட்டம் தெருவுக்கு வந்தது. ஆனால் அவர்கள் படிக்க என்ன இருந்தது? பார்லிமெண்டு பேச்சு முழுசாக ஆறு பத்தி, அதன் பிறகு தலையங்கம் மூன்று பத்தி. ரயிலில் வேலைக்குப் போகிற குமாஸ்தாவுக்கு இரண்டு ஸ்டேஷன் தூரத்துக்குள் படித்து முடிக்கிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. நியூன்ஸ் அதைக் கொடுத்தார்.

நாவலாசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஜார்ஜ் கிஸ்ஸிங் 1891இல் எழுதிய 'நியூ கிரப் ஸ்ட்ரீட்' என்ற நாவலில் ஒரு பாத்திரம் இப்படியே ஒரு பத்திரிகைக்குத் திட்டம் போடுகிறது. எதுவும் இரண்டங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. கால்படிப்புப் படித்தவர்களுக்காகவே அது. கிஸ்ஸிங் பட்டினியோடு பழகி எழுதியவர். அவருடைய எரிச்சல் எனக்குப் புரிகிறது. நானும் நாவல் எழுதுகிறவன் என்பதால் அவர் கட்சியில்தான் சேர வேண்டும். ஆனால் முழு மனசோடு சேர முடியவில்லை. அத்தையின் பைண்டுப் புத்தகத்தில் கதைக்கு முன்னால் துணுக்கைப் படித்தவன் நான்தானே?

நியூன்ஸின் வியாபார மூளை கத்தரிக்கோலோடு நிற்கவில்லை. 1883இல் கதைப் போட்டி ஒன்று வைத்தார். பரிசு ஒரு வீடு! நிஜமான செங்கல் வீடு, லண்டனுக்குப் பக்கத்தில் டல்விச்சில். ஜெயித்தவர் அதற்கு 'டிட்பிட்ஸ் வில்லா' என்று பெயர் வைக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கதை சொந்தமாக எழுதியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; எங்கிருந்தாவது எடுத்து அனுப்பினாலும் சரி. பத்திரிகையின் தர்மத்துக்கு ஏற்ற விதி! ஒரு சிப்பாய்க்கு அந்த வீடு கிடைத்தது. 1885இல் இன்னொரு யோசனை. ரயில் விபத்தில் இறப்பவர் கையில் அந்த வார டிட்பிட்ஸ் இருந்தால் குடும்பத்துக்கு 100 பவுன். எத்தனை மனைவிமார் காலையில் கணவன் சட்டைப் பையில் அதைத் திணித்து அனுப்பினார்களோ!

1884இல் வைத்த போட்டிதான் விசேஷமானது. வாரத்துக்குப் பத்துக் கேள்வியாக மூன்று மாதம். பரிசு, நியூன்ஸின் ஆபீஸில் வருஷம் 100 பவுன் சம்பளத்தில் குமாஸ்தா உத்தியோகம். ஆர்தர் பியர்ஸன் என்ற பதினெட்டு வயசுப் பையன், பாதிரியார் மகன்தான் அவனும், கிராமத்திலிருந்து பெட்போர்டு நூலகத்துக்கு மைல் கணக்காகச் சைக்கிள் மிதித்துப் போய் விடை தேடி ஜெயித்துவிட்டான். 1890இல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை. 1900இல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்'. துணுக்குக்கு விடை தேடிய அந்தக் கண்கள் பிற்பாடு பார்வை இழந்தன. 1915இல், யுத்தத்தில் கண் போன சிப்பாய்களுக்காக அவர் ஓர் இல்லம் ஏற்படுத்தினார்.

டிட்பிட்ஸுக்கு எழுதிக்கொடுத்துக் காசு வாங்கிய இன்னொரு இளைஞர் ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த். இதில் பணம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, 1888இல் 'ஆன்ஸர்ஸ்' ஆரம்பித்தார். மறு வருஷம் ஒரு போட்டி: குறிப்பிட்ட ஒரு நாளில் இங்கிலாந்து பாங்கியில் எவ்வளவு தங்கம் இருக்கும்? சரியாக ஊகிப்பவருக்கு ஆயுள் முழுவதும் வாரம் ஒரு பவுன். ஒவ்வொரு கார்டிலும் வேற்று மனிதர் ஐந்து பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். 7 லட்சத்துக்கு மேல் கார்டுகள் குவிந்தன. பத்திரிகையின் பெயர் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இவரே 1896இல் 'டெய்லி மெயில்' தொடங்கி, பின்னர் நார்த்கிளிப் பிரபு ஆனவர்.

நியூன்ஸும் சர் பட்டம் பெற்றார். துணுக்கில் வந்த பணத்தில் 1891இல் 'ஸ்டிராண்ட்' மாதப் பத்திரிகையை ஆரம்பித்தார். அதில்தான் ஷெர்லக் ஹோம்ஸின் சிறுகதைகள் வெளிவந்தன. கிஸ்ஸிங்கின் கோபத்துக்கு இது ஓரளவு சமாதானம். ஜனங்களின் தலைவிதியை மாற்றுகிற பத்திரிகைத் தொழில் ஒன்று உண்டு, உழைத்துக் களைத்தவர்களுக்குக் கெடுதலில்லாத பொழுதுபோக்கைக் கொடுக்கிற தொழில் இன்னொன்று உண்டு, என்னுடையது இரண்டாவது என்று தம் கூட்டாளியாக இருந்த ஸ்டெட்டுக்கு அவர் எழுதினார். தன் அளவு தெரிந்த மனிதர். 1910இல் காலமானார். டிட்பிட்ஸ் 1984 வரை ஓடியது. அதற்கு இலக்கியத்தில் வேறு ஓர் இடமும் கிடைத்தது. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' 1922இல் வந்தது. அதன் கதாநாயகன் காலையில் கழிப்பிடத்தில் உட்கார்ந்து டிட்பிட்ஸின் பரிசுக் கதையைப் படிக்கிறான். எழுதியவனுக்கு எவ்வளவு சன்மானம் என்று பொறாமைப்படுகிறான். படித்து முடித்ததும் அந்தக் காகிதத்தை அங்கேயே உபயோகித்தும் விடுகிறான்.

ஆனால் கெடுதலில்லாத பொழுதுபோக்கு என்று நியூன்ஸ் சொன்னதில்தான் எனக்குச் சந்தேகம். ஒரு விஷயத்துக்கு முன்னும் பின்னும் உள்ளதைக் கத்தரித்துவிட்டால் யார் சொன்னது, எப்போது சொன்னது, நிஜந்தானா என்று கேட்க வழியில்லாமல் போகிறது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் ரிப்ளே என்ற சித்திரக்காரர் 'நம்பினால் நம்புங்கள்' என்ற தலைப்பில் அதிசயங்களைப் படம் போட்டு உலகப் புகழ் பெற்றார். அந்த அதிசயங்களைத் தேடிக் கொடுத்தவர் நார்பர்ட் பேர்ல்ராத். போலந்திலிருந்து வந்தவர், பல பாஷை தெரிந்தவர். 1923 முதல் 1975 வரை, 52 வருஷம், நியூயார்க் பொது நூலகத்தின் வாசகசாலையில் அநேகமாகத் தினமும் உட்கார்ந்து புத்தகங்களைப் புரட்டினார். ரிப்ளே 1949இலேயே இறந்துவிட்டார். பேர்ல்ராத் அதன் பிறகும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தேடிக்கொண்டிருந்தார். ரிப்ளேயின் பெயர் தெரிந்த பத்துப் பேரில் ஒருவருக்காவது இவர் பெயர் தெரியுமா?

இங்கேயும் அந்தக் காற்று அடித்தது. 1928இல் ஆனந்த விகடனை வாங்கிய வாசன், குறுக்கெழுத்துப் போட்டியால் ஊரையே பென்சிலும் கையுமாக உட்கார வைத்தார். பெரிய பரிசுகளுக்கு 1955இல் சட்டம் வந்து கடிவாளம் போட்டது. துணுக்குக்குச் சட்டம் ஏது? தமிழ்வாணன் 'கல்கண்டு' பத்திரிகையையே துணுக்குகளால் நிரப்பினார். அதைப் படித்துவிட்டு வகுப்பில் வாத்தியாரைத் திணற அடித்த பையன்கள் அநேகம்.

வாத்தியார் என்றதும் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். இளம் வயசில் ஒரு சின்னப் பத்திரிகைக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இரவு, பாரம் மெஷினில் ஏறுகிற சமயம், அச்சுக் கோப்பவர் வந்து, "தம்பி, எட்டாம் பக்கத்துல ரெண்டு அங்குலம் நிக்குது. ஏதாச்சும் குடுங்க" என்றார். கையில் ஒன்றும் இல்லை. நின்றபடியே எழுதிக் கொடுத்தேன்: 'ஐஸ்லாந்தில் ஒரு கிராமத்தில் எந்த வீட்டுக் கதவுக்கும் பூட்டுக் கிடையாது. அங்கே 200 வருஷமாகத் திருட்டே நடந்ததில்லை.' ஐஸ்லாந்தைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அந்தப் பெயர் ஒன்றுதான். அச்சுக் கோப்பவர் கோத்துக்கொண்டே, "நல்ல ஊரா இருக்கே!" என்றார்.

பல வருஷம் கழித்து ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் பேசினார். நல்ல மனிதர், பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேர்மையைப் பற்றிச் சொல்லி வந்தவர், ஐஸ்லாந்துக் கிராமத்தைக் கொண்டு வந்தார். பூட்டில்லாத கதவுகள் அப்படியே இருந்தன. வருஷந்தான் 400 ஆகியிருந்தது. கிராமத்துக்கு நடுவில் ஒரு மாதாகோவிலும் முளைத்திருந்தது.

பேசி முடித்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஐயா நிறையப் படிக்கிறவங்க. அந்த ஐஸ்லாந்து விஷயம் உங்க கண்ணுல பட்டிருக்குமே?" என்றார்.

"பட்டிருக்கிறது. எங்கேயோ படித்த ஞாபகம்" என்றேன்.