அழிப்பதற்கெனப் பதிந்த குரல்கள்

தமிழின் சிற்றிலக்கிய வகைகளுள் தூதும் ஒன்று. அன்னத்தையும் கிளியையும் தென்றலையும் நெஞ்சையும் தூது விடுத்தனர் புலவர்கள். மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூது அனுப்பிய நூலும் உண்டு. தூது சென்றது எதுவாயினும் அது கொண்டு சென்றது சொல்லை மட்டுமே. சொன்னவரின் குரல் பின்தங்கிவிட்டது. குரலையே தூதாக அனுப்ப இயலும் என்ற நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் தொலைபேசியின் அருகே அமர்ந்திருந்து, இன்று ஏறக்குறைய மறைந்துவிட்ட 'ஆன்சரிங் மெஷின்' என்னும் விடைக்கருவி அந்த நிலையின் எளிய இல்லற வடிவமாகும்.

1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் ஃபோனோகிராஃப் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அதன் பயன்களை விரித்து இதழொன்றில் கட்டுரை எழுதினார். கடிதங்களை வாய்மொழியாகப் பதிதல், குடும்பத்தாரின் பேச்சையும் இறக்கும் தறுவாயில் உள்ளோரின் இறுதி மொழிகளையும் அவரவர் குரலிலேயே காத்தல், தொலைபேசியோடு இணைத்து நிலையான பதிவு பெறுதல் ஆகியன அதில் இடம்பெற்றன. ஆனால் அன்றைய வெள்ளீயத் தகட்டில் ஊசி கீறிய ஒலி, சில முறை ஒலித்தபின் தேய்ந்து போயிற்று.

இருபது ஆண்டுகளுக்குப் பின், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய வால்டெமார் பௌல்சன் வேறொரு வழி கண்டார். எஃகுக் கம்பி மின்காந்தத்தை ஒட்டி ஓடும்போது, பேச்சின் ஏற்ற இறக்கத்திற்கேற்பக் கம்பியில் காந்தத்தன்மை பதிகிறது. மீண்டும் ஓட்டினால் அதே பேச்சு கேட்கிறது. காந்தப் பதிவைக் கலைத்துவிட்டால் கம்பி புதிய செய்திக்கு ஆயத்தமாகிறது. 1898-இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பெற்ற இந்த 'டெலிகிராஃபோன்', ஆளில்லா நேரத்தில் தொலைபேசிச் செய்தியைப் பெற்று வைப்பதையும் தன் நோக்கமாகக் கொண்டிருந்தது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அது உயர்ந்த பரிசைப் பெற்றது. அங்கே அக்கருவியில் பதிந்த ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் குரல், எஞ்சியுள்ள காந்த ஒலிப்பதிவுகளுள் மிகப் பழையதாக இன்றும் டென்மார்க்கில் போற்றப்படுகிறது. பேரரசர் அதில் அரசாணை எதையும் மொழியவில்லை. கண்டுபிடிப்பு தம்மை மிகவும் கவர்ந்தது என்றும், இயக்கிக் காட்டியமைக்கு நன்றி என்றும் கூறினார். நூற்றாண்டைக் கடந்து நிற்பது ஓர் உபசார மொழியே.

ஒலியைப் பெருக்கும் கருவி அந்நாளில் இல்லாமையால் டெலிகிராஃபோன் வணிகத்தில் வெற்றி பெறவில்லை. 1930-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் காந்தப் பதிவை மேம்படுத்தி, 1934-ஆம் ஆண்டளவில் செயற்படும் விடைக்கருவி ஒன்றையே உருவாக்கினார். அது மக்களிடம் செல்லவில்லை. தாய் நிறுவனமான ஏ.டி. அண்டு டி. அதை முடக்கி வைத்த வரலாற்றை 1993-இல் மார்க் கிளார்க் என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். பேச்சு பதிவாகக்கூடும் என்று அறிந்தால் வணிகர்கள் தொலைபேசியில் பேரம் பேசத் தயங்குவர், அந்தரங்கம் பேசுவோர் அஞ்சுவர், அதனால் தொலைபேசியின் பயன்பாடே குறையும் என நிறுவனத்தார் கருதினர். காற்றில் கரைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் மக்கள் மனம்விட்டுப் பேசுகின்றனர் என்பது அவர்கள் கணக்கு.

அக்கணக்கைக் காலம் மாற்றியது. அயலார் செய்த கருவிகளைத் தொலைபேசிக் கம்பியில் இணைப்பதற்கு இருந்த தடையை, 1968-இல் கார்ட்டர்ஃபோன் வழக்கின் தீர்ப்பு தளர்த்தியது. 1971-இல் விற்பனைக்கு வந்த ஃபோன்மேட் கருவி ஏறத்தாழ 10 பவுண்டு எடையுடையது. 20 செய்திகளை ஏற்கும். 1974-இல் தொடங்கிய 'தி ராக்ஃபோர்டு ஃபைல்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் ஒவ்வொரு பகுதியும், துப்பறிவாளர் வீட்டு விடைக்கருவியில் ஒலிக்கும் ஒரு செய்தியோடு தொடங்கியது. 1980-களில் விலை குறைந்தபோது அது சாதாரண வீட்டுப் பொருளாயிற்று.

அது இயங்கும் முறை எளியது. மணி சில முறை ஒலித்ததும் கருவி இணைப்பை ஏற்கும். வீட்டாரின் வரவேற்புரை ஒரு நாடாவிலிருந்து ஒலிக்கும். 'பீப்' என்ற ஓசைக்குப்பின் அழைத்தவர் பேசுவது மற்றொரு நாடாவில் பதியும். வீடு திரும்புவோரைச் சிவப்பு விளக்கொன்று கண்சிமிட்டி அழைக்கும். சில கருவிகள் செய்தி இருந்தால் இரண்டாம் மணியிலும், இல்லையேல் நான்காம் மணியிலும் இணைப்பை ஏற்கும். வெளியூரிலிருந்து அழைக்கும் உரிமையாளர், மூன்றாம் மணி கேட்டதும் செய்தி இல்லையென அறிந்து கட்டணமின்றி வைத்துவிடலாம். வீட்டில் இருந்துகொண்டே, பேசுபவர் யார் எனக் கேட்டபின் எடுப்பதா விடுவதா எனத் தீர்மானிப்போரும் இருந்தனர்.

ஒளிப்படத்திற்கு மனிதர் முகத்தைத் திருத்திக்கொள்வர், கடிதத்தை அடித்தெழுதுவர். இயந்திரத்தின் முன் திகைத்துப் பேசியவருக்கோ திருத்த நேரமில்லை. வரத் தாமதமாகும், உணவுக்குக் காத்திருக்க வேண்டாம் என்னும் செய்தியோடு, தயக்கமும் இருமலும் சமையலறைப் பாத்திர ஓசையும் சேர்ந்தே பதிந்தன. யாரும் அதைக் காத்து வைக்க எண்ணவில்லை. அடுத்த செய்தி முந்தையதன் மேல் பதிந்து அதனை அழித்தது. ஒருவர் இறந்தபின், இன்னும் அழியாதிருந்த நாடாவே அவர்தம் குரலின் எச்சமாயிற்று.

தொலைபேசியே அரிதாக இருந்த தமிழகக் கிராமங்களுக்கு இக்கருவி எட்டவில்லை. ஆயினும் 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை, அங்கும் குரலைத் தூதாக்கியது. 1970, 80-களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றோர் கேசட்டில் பேசி அனுப்பினர். எழுதப் படிக்க அறியாத தாயும் மகனின் கடிதத்தைப் பிறர் உதவியின்றி அறிந்தாள். மறுமொழியை அதே நாடாவில் பதிந்து அனுப்பிய வீடுகளில், மகன் குரலைத் தாயின் குரல் அழித்தது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்களிலிருந்தும் கடத்தப்பட்ட விமானங்களிலிருந்தும் பேசியோர் சிலரின் இறுதிச் சொற்கள் வீட்டு விடைக்கருவிகளில் பதிந்தன. 2014-இல் திறக்கப்பெற்ற நினைவு அருங்காட்சியகத்தில் அத்தகைய பதிவுகள் இடம்பெற்றன. எடிசனின் பட்டியலில் இருந்த இறுதி மொழிகள், எவரும் திட்டமிடாத வழியில் அங்கே காக்கப்பட்டன.

இதற்கிடையே, கார்டன் மேத்யூஸ் 1979-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த குரலஞ்சல் முறை பரவியது. செய்தி வீட்டு நாடாவை விட்டு நிறுவனத்தின் கணிப்பொறிக்குச் சென்றது. எத்தனை நாள் வைப்பது என்பதை இனி நிறுவனம் முடிவு செய்தது. கணக்கு முடிந்தால் குரலும் முடிந்தது. கைப்பேசியில் இன்று நாள்தோறும் குரற்செய்திகள் பறக்கின்றன. அன்று ஒரு பேழையை எடுத்து மேசை அறையில் பூட்டி வைத்தால் போதுமானதாக இருந்தது. இன்றோ வேண்டிய குரலைத் தேடி, படியெடுத்து, பிறிதோரிடத்தில் சேர்த்து வைத்தல் வேண்டும்.

இலண்டனின் எம்பாங்க்மென்ட் நிலத்தடி இரயில் நிலையத்தில், வண்டிக்கும் மேடைக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்குமாறு ஒலித்துவந்த எச்சரிக்கை, நடிகர் ஆஸ்வால்ட் லாரன்ஸின் குரலில் அமைந்தது. 2007-இல் அவர் மறைந்தபின், அவர்தம் துணைவியார் அதைக் கேட்பதற்கென்றே அந்த மேடையில் அமர்ந்திருப்பார். 2012 இறுதியில் புதிய கருவி வந்து அக்குரல் நின்றுபோயிற்று. பதிவின் படியொன்றை மட்டும் கேட்டு அவர் நிர்வாகத்தை அணுகினார். நிர்வாகத்தார் படியையும் கொடுத்து, 2013-இல் அந்நிலையத்தில் பழைய குரலையே மீண்டும் ஒலிக்கச் செய்தனர். அதில் அவருக்கென்று ஒரு சொல்லும் இல்லை. வழிப்போக்கர் அனைவர்க்கும் உரிய அந்த எச்சரிக்கையைக் கேட்கவே அவர் மேடையில் காத்திருந்தார்.