ஊசியும் உள்ளமும்

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலை மலையை நோக்கிச் செல்லும் பாதையின் இரு மருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் விரிந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களின் லயங்களில் வாழும் முதியோர் சிலருடைய மேற்கையில் காசளவான பழைய வடு ஒன்றை இன்றும் காணலாம். அம்மை குத்திய வடு அது. வரிசையில் நிற்கச் சொன்னார்கள், கையை நீட்டச் சொன்னார்கள் என்ற அளவிலேயே அதைப் பற்றிய நினைவு பெரும்பாலும் நின்றுவிடும். ஏன் நீட்ட வேண்டும் என்று அக்காலத்தில் எவரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லியது அரிது.

2021ஆம் ஆண்டில் அதே மலைகளில் மக்கள் மீண்டும் ஒருமுறை கையை நீட்டி வரிசையில் நின்றனர். இம்முறை வந்த கொள்ளைநோய் கொரோனா. இலங்கைக்குள் ஓர் இலங்கையருக்கு அந்நோய் கண்டமை 2020 மார்ச் மாதத்தில் உறுதியாயிற்று. அரசாங்கக் கணக்கின்படி நாட்டில் 16,800க்கு மேற்பட்ட உயிர்களை அது பின்னர் கொண்டுபோயிற்று. நோய்க்கு மாற்றாகத் தடுப்பூசி வந்தபொழுது தயங்கியவர் பலர். அவ்வாறு தயங்கியவருள் வைத்திய மாணவரும் இருந்தனர் என்பதே வியப்புக்குரியது. 

இது வெறும் பேச்சன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வைத்திய மாணவர் 168 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. தடுப்பூசிகள் நன்மை தருவன என்று ஏறக்குறைய எல்லாருமே ஒப்புக்கொண்டனர். ஆயினும், கொரோனாத் தடுப்பூசிக்கு அரசாங்க அனுமதி கிடைத்த உடனே அதனைப் போட்டுக்கொள்ள நூற்றுக்கு 23 பேர் விரும்பவில்லை. இந்தியாவில் 1,068 வைத்திய மாணவரிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வில், தயங்கியவர் நூற்றுக்கு 10.6 பேர். தமக்கு நோய் வரக்கூடும் என்று உணர்ந்தவரிடம் தயக்கம் குறைவாகவும், அரசாங்க நிறுவனங்களில் நம்பிக்கை குன்றியவரிடம் மிகுதியாகவும் காணப்பட்டது.

நோயைக் கற்பவரே மருந்துக்குத் தயங்குவரோ? நூலறிவு இருந்தும் மனம் ஏன் பின்வாங்குகின்றது? இவ்வினாவுக்கு விடை தேடுவார் ஊவா மலைகளுக்குத் தடுப்பூசி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தல் நன்று.

எட்வேட் ஜென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கும் முறையை 1796இல் சோதித்துக் கண்டார். ஆறே ஆண்டுகளில் அது கீழ்நாடுகளை எட்டிற்று. 1802 ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு அம்மைப்பால் குத்தப்பெற்றது. அவ்வாண்டிலேயே அது இலங்கைக்கும் வந்தது. இங்கே அதனைப் பரப்பியவர் தோமஸ் கிறிஸ்டி என்னும் வைத்திய அதிகாரி.

அக்காலத்தில் அம்மைப்பாலைக் குளிரூட்டிக் காக்கும் வழி இல்லை. ஒரு பிள்ளையின் கையிற் குத்தி, சில நாட்களில் அங்கே எழும் கொப்புளத்திலிருந்து எடுத்து, அடுத்த பிள்ளையின் கையிற் குத்துவர். இவ்வாறு கைக்குக் கை மாறியே அம்மைப்பால் ஊர் ஊராகச் சென்றது. இடையில் ஒரு கை மறுக்குமாயின் தொடர் அறுந்துபோகும். அம்மை நோயை மாரியம்மனின் வருகையாகக் கருதி, வேப்பிலை செருகி, வீட்டைத் தூய்மையாக வைத்து வழிபட்ட மக்களிடையே இத்தொடரைப் பேணுதல் எளிதாக இருந்திருக்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து தமிழ்நாட்டுத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வரலாயினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறி ஊவா வரை சென்றவர் பலர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் எண்ணற்றோர். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872இல் ஒரு சட்டம் பிறந்தது. அம்மைப்பால் குத்துவதற்கான சட்டம் 1886இல் வந்தது. நோய் தீவினுள் புகும் என்னும் அச்சத்தால் 1899இல் வடக்குப் பாதை மூடப்பட்டது. அதன்பின் தொழிலாளர் கடல்வழியாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பெற்றனர்.

பிற்காலத்தில் இராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில் பெரியதொரு முகாம் அமைந்தது. இலங்கைக்கு வருவோர் அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பெற்றனர். உடைகள் மருந்துநீராவியில் இடப்பெற்றன. கைகளில் அம்மை குத்தப்பெற்றது. நோய் பரவாமற் காப்பதற்கு இம்முறை பெரிதும் உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் அங்கே கையை நீட்டியவனுக்கு மறுக்கும் உரிமை இல்லை. வினவும் உரிமையும் இல்லை. தோட்டத்தை அடைந்த பின்னரும் பிரட்டுக்களத்தில் துரையின் கட்டளைக்கும் கங்காணியின் குரலுக்கும் அடங்கியே எல்லாம் நடந்தன. ஊசி அவனுடைய உடலைக் காத்தது. அவனுடைய உள்ளத்தை நாடி எவரும் வரவில்லை.

1918இல் வந்த விஷக்காய்ச்சல் இதைவிடக் கொடியது. அந்த இன்புளுவென்சாவுக்குத் தடுப்பூசியும் இல்லை. அதன் கிருமி கண்டறியப்பட்டதே 1933இல்தான். அக்கொள்ளைநோயால் இலங்கையின் குடித்தொகையில் ஏறக்குறைய 3,07,000 பேர், அதாவது நூற்றுக்கு 6.7 பங்கு, குறைந்ததாக அண்மைக்கால ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். வடக்கிலும் தெற்கிலும் 1918 ஒக்டோபரில் உச்சத்தை எட்டிய சாவு, தீவின் நடுப்பகுதியில் 1919 மார்ச்சிலே உச்சத்தை அடைந்தது. தடுப்பதற்கு ஒன்றும் இல்லாத கொள்ளைநோய் எத்தகையது என்பதற்கு அந்த ஆண்டுகளே சான்று.

கட்டளையால் வந்த ஊசியின் வரலாறு இது. விளக்கத்தாலும் முன்மாதிரியாலும் வந்த வைத்தியத்தின் வரலாறும் ஒன்றுண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்திய மாணவரைப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் நாடு திரும்பும் முன்னர் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று வெளியேறியிருந்தனர். நோயாளியின் மொழியிலே நோயை விளக்கக்கூடிய வைத்தியன் வேண்டும் என்பதே அவர் கொண்ட கொள்கை. 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி தொடங்கப்பெற்றது. ஆனால், இவ்விரு வாயில்களும் தோட்டத்துப் பிள்ளைக்கு நெடுங்காலம் எட்டாமலே இருந்தன.

ஊசி போடுபவர் தம் கையையே முதலில் நீட்டியதும் உண்டு. வால்டெமர் ஹவ்கின் என்னும் அறிஞர், தாம் ஆக்கிய வாந்திபேதித் தடுப்பு மருந்தை 1892 ஜூலை 18ஆம் நாள் பாரிஸ் நகரில் தமக்கே செலுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பின்னர் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கும் அதனைப் போட்டார். பம்பாயில் கொள்ளைநோயாகிய பிளேக் பரவியபொழுது, 1897 ஜனவரி 10ஆம் நாள் அதற்கான தடுப்பு மருந்தையும் முதன்முதலிற் பெற்றுக்கொண்டது அவருடைய உடலே. தம் மருந்தை மற்றவரிடம் கொடுப்பதற்கு அவர் கண்ட வழி அதுவே.

ஆயினும் அவர் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. 1902இல் பஞ்சாப்பின் முல்கோவால் கிராமத்தில் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் ஏற்பு வலியால் இறந்தனர். பழி ஹவ்கின் மேல் விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்பது 1907இல் தெளிவாயிற்று. ஊசியைக் கண்டு அஞ்சுவோர் யாவரும் அறியாமையால் அஞ்சுகின்றனர் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பிழை நேர்ந்ததுண்டு. அதனை மறையாது கூறி, காரணத்தை ஆராய்ந்து, மீண்டும் நேராமற் காக்கும் முறையை வகுத்ததனாலேயே பிற்காலத் தடுப்பூசி நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

இலங்கையில் அந்நம்பிக்கையை வளர்த்தவர் பெரும்பாலும் பெயர் அறியப்படாத பணியாளர். 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. பொதுச் சுகாதார மருத்துவிச்சிமாரும் பரிசோதகர்களும் குழந்தைகளைத் தேடிச் சென்றனர். இந்நாட்டில் இளம்பிள்ளைவாதம் கண்ட கடைசி நோயாளி 1993இல் பதிவானார். அம்மையோ அதற்கு முன்னரே உலகைவிட்டு ஒழிந்தது. 1980 மே மாதத்தில் உலகச் சுகாதாரத் தாபனம் அதனை அறிவித்தது. வீடு தேடி வந்து, பெயர் சொல்லி அழைத்து, காய்ச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று கூறிச் சென்ற மருத்துவிச்சி, மண்டபம் முகாம் செய்யாத ஒன்றைச் செய்தார். தாயின் மனத்தைக் கேட்டார்.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே சுமந்து நின்றவர் 2020ஆம் ஆண்டின் வைத்திய மாணவர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றமை 1970களின் பிற்பகுதியிலேதான் பரவலாயிற்று. பதுளை மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றது. அங்கே ஒரு லயத்திலிருந்து மருத்துவ பீடத்துக்குச் செல்லும் பிள்ளை, ஒரு குடும்பத்தின் நம்பிக்கையை மட்டுமன்று, ஒரு தோட்டத்தின் நம்பிக்கையையே தோளில் ஏற்றிச் செல்கின்றது.

2020 மார்ச் மாதத்தில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. நோயாளியின் கட்டிலருகே நின்று கற்கவேண்டிய கல்வி கைபேசித் திரைக்குள் ஒடுங்கிற்று. பரீட்சைகள் தள்ளிப்போயின. எப்பொழுது படிப்பு முடியும், எப்பொழுது உள்ளகப் பயிற்சி கிடைக்கும் என்பது தெரியாத நிலை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான பழைய லயன் காம்பராவில் தனித்திருந்து படிப்பதற்கு இடம் ஏது? ஊவாவின் குக்கிராமங்களில் அலைவரிசை தேடிப் பாறைமேல் ஏறிப் பாடங் கேட்டவரும் உண்டு. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய பின்னரோ, நோயைச் சுமந்து வந்து முதிய தாய் தந்தைக்குக் கொடுத்துவிடுவோமோ என்னும் அச்சம் வாட்டிற்று. உலகெங்கும் வைத்திய மாணவரிடையே கவலையும் மனச்சோர்வும் மிகுந்திருந்ததை அக்காலத்து ஆய்வுகள் பல எடுத்துக்காட்டின.

இந்நிலையில் 2021 ஜனவரி 28ஆம் நாள் இந்தியாவிலிருந்து ஐந்து இலட்சம் தடுப்பூசிகள் வந்தன. மறுநாளே சுகாதாரப் பணியாளரிலிருந்து அவற்றைப் போடத் தொடங்கினர். பின்னர் இந்தியாவில் நோய் மிகுந்ததால் ஏற்றுமதி தடைப்பட்டது. இரண்டாம் ஊசிக்காக ஏராளமானோர் மாதக்கணக்கிற் காத்திருந்தனர். சீனம், ரஷ்யா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஊசிகளும் வந்தன. வகைகள் ஐந்தாயின. எது நல்லது, எது தீயது, எதனால் மலடாகும், எதனால் உயிர் போகும் என்று கைபேசி வழியே வதந்திகளும் வந்தன. லயத்து மக்கள் தம் ஐயத்தைக் கேட்பதற்கு நாடியவர் யார்? துரையையன்று, கணக்கப்பிள்ளையையுமன்று. “தம்பி, நீ படிக்கிற பிள்ளை. இந்த ஊசியைப் போடலாமா?” என்று கேட்பதற்குத் தம்மில் ஒருவராகிய வைத்திய மாணவரே அவர்களுக்கு ஏற்றவர். கேட்கப்படும் மாணவரோ தம் உள்ளத்திலும் அதே வினாவை வைத்துக்கொண்டிருக்கலாம்.

இங்கேதான் முன்னர் எழுந்த வினாவின் விடை புலப்படுகின்றது. வைத்திய மாணவரின் தயக்கமும் தோட்டத்துத் தாயின் தயக்கமும் வேறு வேறல்ல. இருவரும் மருந்தை மட்டும் எடைபோடவில்லை. அதனை நீட்டும் கையையும் எடைபோட்டனர். களைத்துச் சோர்ந்த மனத்தில் சிறிய ஐயமும் பெரிதாய்த் தோன்றும். அறிவு அந்த ஐயத்துக்கு விடை தரும். ஆனால், விடையைக் கேட்பதற்கு மனம் அமைதியுற வேண்டும், சொல்பவர் மேல் நம்பிக்கையும் வேண்டும். ஐயமே கொள்ளாத மாணவரைவிட, ஐயங்கொண்டு, ஆசிரியரிடம் வினவி, சான்றுகளைப் படித்து, தெளிந்தபின் தம் கையை நீட்டிய மாணவரே லயத்துக்குத் திரும்பிச் சென்று நன்கு விளக்க வல்லவர். அச்சத்தின் வழியைத் தாமே நடந்து கடந்தவர் அவர்.

ஆதலின் வைத்தியக் கல்வியிற் பயிலும் இளைஞர் தம் சோர்வையும் ஐயத்தையும் கூசாது வெளியிட இடம் வேண்டும். அவற்றை மறைக்கச் சொல்வது மண்டபத்து வரிசையை மருத்துவ பீடத்துக்குள் கொண்டுவருவதாகும். ஊவாத் தோட்டங்களில் நோயாளியின் மொழியிலே பேசும் வைத்தியர் பெருகவும் வேண்டும். கிறீன் யாழ்ப்பாணத்திற் கண்ட உண்மை ஊவாவுக்கும் பொருந்தும்.

2021 செப்டெம்பர் முடிவதற்குள் இலங்கை மக்களிற் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஊசிகளையும் பெற்றுவிட்டனர். அந்த ஊசி வடு எதனையும் விட்டுச் செல்லவில்லை. வருங்காலத்திற் கொள்ளைநோய் மற்றொன்று வரும்பொழுது, முதியவரின் மேற்கையைப் போல நினைவூட்டும் அடையாளம் எதுவும் இராது. நம்பிக்கை ஒன்றுதான் எஞ்சும். பண்டை நாளில் அம்மைப்பால் சென்றவாறே அதுவும் கைக்குக் கை மாறியே செல்லும். அத்தொடர் அறுந்துபோகாமற் காக்கும் முதற் கை, கற்றுத் தெளிந்த வைத்திய மாணவரின் கையாக இருத்தல் வேண்டும்.