துருவுக்கும் ஒரு மின்சாரக் கணக்கு

அடைமழை, சாரல் இவ்விரண்டில் இரும்புக்கு அதிகம் கேடு செய்வது எது? அடைமழை என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் உண்மை வேறு. ஓங்கிப் பெய்யும் மழை, இரும்பின் மேல் படிந்த தூசியையும் உப்பையும் கழுவிக் கொண்டு போய்விடும். பின்னர் வெயில் அடித்தால் தகடு காய்ந்தும் விடும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வந்து, குற்றாலத்தையும் தென்காசியையும் நனைக்கும் சாரலோ அப்படியன்று. அது எதையும் கழுவுவதில்லை, காயவும் விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப் படலமாகப் பல நாட்கள் தகட்டின் மேல் தங்கிவிடுகிறது. எவ்வளவு நீர் விழுந்தது என்பதைவிட, எத்தனை மணி நேரம் தகடு ஈரமாக இருந்தது என்பதே துருவின் கணக்கில் முக்கியம்.

இத்தகைய ஊரில் ஒருவர், துருப்பிடித்த பழைய ஜப்பானிய விளையாட்டுக் கார் ஒன்றை வீட்டுக் கொட்டகையில் வைத்துப் புதுப்பிக்க விரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவருக்கு முதலில் வேண்டியது கருவிகள் அல்ல. துரு எங்கே, ஏன் பிடிக்கிறது என்ற அறிவு. அந்த அறிவு வந்த வரலாறு சுவையானது. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு.

ஜப்பானியக் கார்

1969ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் நிஸ்ஸான் நிறுவனம் 'பேர்லேடி இஸட்' என்ற விளையாட்டுக் காரை அறிமுகம் செய்தது. வெளிநாடுகளில் அது 'டாட்சன் 240 இஸட்' என்ற பெயரில் விற்பனையாயிற்று. 2.4 லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டர்களும் கொண்ட எஞ்சின், நீண்ட மூக்கு, அமெரிக்காவில் தொடக்க விலை சுமார் 3,500 டாலர். ஐரோப்பிய விளையாட்டுக் கார்களுடன் ஒப்பிட்டால் இது மலிவு. 1973ஆம் ஆண்டின் கிழக்கு ஆப்பிரிக்க சபாரிப் பந்தயத்தில் இந்தக் காரை ஓட்டி வென்றவர் சேகர் மேத்தா. இவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர்.

அக்காலத்தில் இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. ஆகவே இவ்வகைக் கார் நம் தெருக்களில் மிக அரிது. நாம் பரவலாகக் கண்ட முதல் ஜப்பானிய வடிவமைப்பு, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 ஆகும். டாட்சன் என்ற பெயரும் பிற்காலத்தில் இங்கு வந்தது; சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாரான சிறு கார்கள் 2014 முதல் 2022 வரை அப்பெயரில் விற்கப்பட்டன.

240 இஸட் காருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது எளிதில் துருப்பிடித்தது. தனிச் சட்டம் இல்லாமல், மெல்லிய எஃகுத் தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து இணைத்தே அதன் உடல் அமைக்கப்பட்டிருந்தது. அந்தப் பெட்டிகளின் உட்புறத்துக்குப் போதிய காப்புப் பூச்சு இல்லை. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவப்படும் உப்பும் சேர்ந்து கொண்டது. இதன் விளைவாகக் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, தரைத் தகடு, அதன் அடியில் ஓடும் தாங்கிகள், பேட்டரி அமரும் தட்டு ஆகியவை அரித்துப் போயின.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். காற்றும் மழையும் நேராகப் படும் கூரையோ எஞ்சின் மூடியோ இதில் முதலிடம் பெறவில்லை. மறைவான இடங்களே முதலில் கெட்டன. காற்று குறைவாகப் படும் இடத்தில் துரு குறைவாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் இந்த முரண்?

துளிக்குள் ஒரு மின்கலம்

1824ஆம் ஆண்டு. இங்கிலாந்துக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பகுதியில் வேய்ந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்பட்டு வந்தன. இதற்குத் தீர்வு காணுமாறு ஹம்ப்ரி டேவியிடம் கேட்டனர். அவர் செப்புத் தகட்டுடன் சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்தார். செம்பு தப்பியது, அதற்குப் பதிலாக இணைத்த துண்டு கரைந்தது. அரிப்பு என்பது மின்சார நிகழ்ச்சி என்பதற்கு இது தெளிவான சான்று. ஆனால் வேடிக்கை என்னவென்றால், செம்பு கரையாமல் போகவே அதன் நச்சுத்தன்மையும் நீருக்குக் கிடைக்கவில்லை. கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டி வளர்ந்து வேகத்தைக் குறைத்தன! திட்டம் கைவிடப்பட்டது, தத்துவம் நிலைத்தது. 1837இல் பிரான்சு நாட்டின் சோரெல் இரும்பின் மேல் துத்தநாக முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீட்டு இரும்பு வாளி அதன் வாரிசு.

காரின் புதிரை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ். 1920களில் அவர் செய்த ஆய்வை நீங்களும் பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கலாம். உப்புநீரில் சிறிது பினாப்தலீனும் பொட்டாசியம் பெர்ரிசயனைடும் கலந்து, நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி வையுங்கள். சற்று நேரத்தில் துளியின் நடுவே நீல நிறமும் ஓரத்தில் இளஞ்சிவப்பு நிறமும் தோன்றும். நீலம், இரும்பு கரைவதைக் காட்டுகிறது. இளஞ்சிவப்பு, ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பெற்றுக் காரத்தை உண்டாக்குவதைக் காட்டுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது.

துளியின் ஓரத்தில் நீர்ப்படலம் மெலிதாக இருப்பதால் காற்று எளிதில் புகுகிறது. நடுவில் ஆக்சிஜன் பஞ்சம். பஞ்சம் உள்ள இடம் நேர்மின்வாய் ஆகிறது. அங்குதான் உலோகம் கரைகிறது. ஆக்சிஜன் மிகுந்த ஓரமோ எதிர்மின்வாயாகித் தப்பிவிடுகிறது. ஒரே தகட்டில், ஒரே துளியில், ஒரு மின்கலம்! சேறு ஒட்டிய மடிப்பு, ஈரக் கம்பளத்தின் அடி, தகட்டோடு தகடு சேரும் இடுக்கு ஆகியவற்றை ஏன் துரு முதலில் தின்கிறது என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

இந்த மின்கலத்துக்குக் கணக்கும் உண்டு. பாரடே 1830களில் கண்ட விதிகளின்படி, 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 1 கிராம் இரும்பு கரையும். துருவின் மின்னோட்டம் மிகச் சிறியது. அது வெறும் 1 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். அதே 1 கிராம் கரைய ஏறக்குறைய 1,000 மணி நேரம், அதாவது சுமார் 40 நாட்கள் ஆகும். கார்த் தகட்டின் கனம் 0.8 மில்லிமீட்டர் என்றால், 1 கிராம் என்பது ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஓட்டை. ஒரு சாரல் பருவம் போதும்.

எழும்பூரில் ஒரு முன்னோடி

துருவேறிய பொருளைக் காப்பாற்றும் கலையைக் கார்க்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. அதை வளர்த்தவர்கள் அருங்காட்சியக வேதியியலார். தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. மண்ணுக்குள் கிடந்த உலோகம் வெளியே வந்து ஈரக் காற்று பட்டதும், அதனுள் தங்கியிருக்கும் குளோரைடு உப்பு அரிப்பை மீண்டும் தூண்டிவிடும். வெண்கலச் சிலைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

1930இல் எழும்பூரில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அதை நடத்திய எஸ். பரமசிவன், அரித்த வெண்கலங்களை மின்னாற்பகுப்பு முறையில் தூய்மை செய்தார். பொருளை எதிர்மின்வாயாக இணைத்து, நீர்த்த காரக் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் செலுத்துவது அந்த முறை. குளோரைடு பொருளை விட்டு விலகி நேர்மின்வாயை நோக்கிச் செல்லும். அரிப்புப் படலமும் தளரும். துரு ஏறும்போது நடந்த மின் நிகழ்ச்சியை எதிர்த்திசையில் நடத்துவதே இது. 1953இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்ட பின், உலோக அரிப்பு ஆய்வு நம் மாநிலத்தில் மேலும் வேர்விட்டது.

வீட்டுக் கொட்டகையில்

இதே முறை இன்று சிறு கார் உறுப்புகளுக்கும் பயன்படுகிறது. பிளாஸ்டிக் தொட்டி, நீர், சிறிது சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், பழைய இரும்புத் தகடு ஆகியவை போதும். துருப்பிடித்த உறுப்பைச் சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய தகட்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சில மணி நேரத்தில் துருவின் ஒரு பகுதி கருநிற ஆக்சைடாக மாறித் தளரும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

எச்சரிக்கைகளை மறவாதீர்கள். இதில் வெளிப்படும் ஹைட்ரஜன் வெடிக்கக் கூடியது; திறந்த வெளியில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். உப்பு சேர்த்தால் குளோரின் வாயு வரும், சேர்க்கவே கூடாது. நேர்முனையில் எவர்சில்வர் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சுப் பொருளாகக் கரையும். அலுமினிய உறுப்பைக் காரம் தின்றுவிடும். உறுதி மிக்க ஸ்பிரிங், போல்ட் ஆகியவற்றுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அவை நொறுங்கும் தன்மை அடையும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே உப்புத்தாள் போடும்போது முகமூடி அணிக.

காரின் உடலைத் தொட்டியில் இட முடியாது. அங்கே தேய்ப்பும், பாஸ்பாரிக் அமிலப் பூச்சும், அதன் மேல் துத்தநாகம் கலந்த முதற்பூச்சும் உதவும். சாரல் காலத்தில் சுத்தம் செய்த தகட்டை இரவு முழுதும் வெறுமனே விடாதீர்கள், காலையில் பழுப்பேறியிருக்கும். தேய்த்த அன்றே பூசிவிடுங்கள். ஜன்னல் கம்பிக்கு நாம் அடிக்கும் சிவப்பு ஆக்சைடும் இரும்பு ஆக்சைடே, துருவின் உறவினர்தான். வேறுபாடு என்னவெனில், அது பிசினோடு சேர்ந்து இறுகிய படலமாகிறது. துருவோ நீரை உறிஞ்சும் பஞ்சுபோல் நிற்கிறது.

திரும்பாத இரும்பு

இங்கே ஓர் உண்மையை உணர வேண்டும். மின்சாரம் துருவை அகற்றும். கரைந்து போன தகட்டை மீண்டும் உண்டாக்காது. அருங்காட்சியகத்தில் இருக்கும் வாள் பாரம் தாங்க வேண்டியதில்லை. மெலிந்திருந்தாலும் கண்ணாடிப் பெட்டியில் நிற்கும். கார் அப்படியன்று. தரையின் கீழுள்ள தாங்கிகள் மோதலின்போது பயணியின் உயிரைக் காக்க வேண்டியவை. அரித்த இடத்தில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே பளபளப்பாகப் பெயிண்ட் அடித்தால் கண்ணை ஏமாற்றலாம். விசையை ஏமாற்ற முடியாது. மேலும், பட்டிக்கு அடியில் அடைபட்ட ஈரம், எவன்ஸ் காட்டிய ஆக்சிஜன் பஞ்சத்தை நாமே உண்டாக்கியதற்கு ஒப்பாகும். அரித்த பகுதியை வெட்டி எடுத்து, நல்ல தகட்டை வெல்டிங் செய்வதே முறை. அந்தப் பணி தேர்ந்த தொழிலாளிக்கு உரியது. அதற்கு முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றிவிட வேண்டும்.

கார்த் தொழிலும் இப்பாடத்தைக் கற்றுக் கொண்டது. 1960களில் போர்டு நிறுவனம் காரின் உடலையே பெயிண்ட் தொட்டியில் மூழ்கவைத்து, மின்சாரத்தால் இடுக்கு வரை பூச்சை ஏற்றும் முறையைக் கொண்டு வந்தது. 1970களின் பிற்பகுதியில் காரின் உடலை எதிர்மின்வாயாக்கும் மேம்பட்ட முறை பரவியது. துத்தநாக முலாம் பூசிய தகடுகளும் வந்தன. 240 இஸட்டை நிஸ்ஸானே 1990களின் பிற்பகுதியில் பழைய கார்களாக வாங்கிப் புதுப்பித்து அமெரிக்காவில் விற்றது.

அம்பாசிடரோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, மாருதி 800ஓ, எந்தப் பழைய காரை வாங்க நினைத்தாலும் அதன் பெயிண்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒரு டார்ச் விளக்குடன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். தரை விரிப்பைத் தூக்குங்கள். தாங்கிகளைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் தகடு இருக்கிறது. மந்தமாக ஒலித்தாலோ, செதில் உதிர்ந்தாலோ, அங்கே மின்கலம் நெடுநாளாக வேலை செய்திருக்கிறது. அதன் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த பிறகு பணத்தின் கணக்கைப் போடுங்கள்.