நரகம், மீட்பு: சவேரியார் முடங்கலும் தமிழ்ச் சொற்களும்

பினாங்குச் சாலையிலுள்ள தமிழ்க் கத்தோலிக்கரின் கோயில் புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரால் விளங்குகின்றது. 1542 முதல் முத்துக்குளித்துறைப் பரதவர்க்குத் தமிழில் மன்றாட்டுகளைக் கற்பித்தவரும், 1545-இல் மலாக்காவுக்கு வந்தவரும் அவரே. ஆதலின் பெயர் பொருத்தமானது. ஆயினும் நரகம், மீட்பு ஆகியன பற்றி ஆராய்வோர்க்கு அவர் விட்டுச்சென்ற செய்தி பிறிதொன்று. ஜப்பானிலிருந்து மீண்டபின், 1552 சனவரியில் கொச்சியிலிருந்து ஒரு முடங்கல் வரைந்தார். கிறித்துவை அறியாமலே இறந்த தம் பெற்றோரையும் முன்னோரையும் வேண்டுதலாலோ அறத்தாலோ நரகினின்று விடுவிக்க இயலுமா என்று அந்நாட்டில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோர் வினவினராம். இயலாது என்றார் சவேரியார். அவர்கள் அழுதனர், அவ்வழுகை தம்மையும் வருத்தியதாக அவரே எழுதுகின்றார்.

இல்வாழ்வான் ஓம்பத்தக்க ஐவருள் தென்புலத்தாரை முதற்கண் வைத்தவர் வள்ளுவர். அம்மரபில் வந்தோர்க்கும் இவ்வினா எளிதன்று. அன்றியும், தமிழர்க்கு நரகம் புதிய சொல் அன்று. அதுவே இடரும் ஆயிற்று. புறநானூற்றின் ஐந்தாம் பாட்டு நிரயம் என்னும். குறள் அளறு என்னும். அளறு என்பது சேறு. பழந்தமிழர் அச்சம் அழுந்துவதில் இருந்தது போலும்! விவிலியத்தின் அச்சமோ நெருப்பில் உள்ளது. கெகன்னா என்னும் சொல், எருசலேமுக்குத் தெற்கே குழந்தைகளைத் தீயிலிட்டுப் பலிகொடுத்த இன்னோம் பள்ளத்தாக்கின் பெயரினின்று பிறந்தது.

எனினும் சேறு, நெருப்பு என்னும் வேறுபாடு சிறிதே. சைவரும் வைணவரும் கூறும் நரகம் வினை தீரும் அளவும் தங்கும் இடம்; பின்னர்ப் பிறப்பு உண்டு. கிறித்தவம் ஒரு பிறப்பே உடையது. எனவே தீர்ப்பும் ஒன்றே. மதுரையில் தொண்டாற்றிய இராபர்ட் தெ நொபிலி (1577-1656) மறுபிறப்புக் கொள்கையை மறுப்பதற்கெனவே ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ என்னும் நூலை எழுதியதாகக் கூறுவர். மறுபிறப்பை விலக்காமல் நரகம் என்று சொன்னால், கேட்போர் ‘அங்குச் சென்று திரும்பலாம்’ என்றே கொள்வர் அல்லவா? நரகத்தின் முன் ‘நித்திய’ என்னும் அடைமொழி நம் கிறித்தவர் நாவில் இடையறாது வருதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

ஓரிடத்தில் தமிழ் ஆங்கிலத்தினும் தெளிவாயுள்ளது. கிரேக்க விவிலியத்தில் இறந்தோர் உலகாகிய ஏடீசு வேறு, தண்டனை இடமாகிய கெகன்னா வேறு. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இரண்டையும் பெரும்பாலும் ஒரே சொல்லாற் குறித்தது. தமிழோ முன்னதைப் பாதாளம் என்றும் பின்னதை நரகம் என்றும் பிரித்தது. கிறித்து ‘பாதாளத்தில்’ இறங்கினார் என்று விசுவாச அறிக்கை சொல்லும் தமிழ்ச் சிறுவனுக்கு, அவர் ஏன் நரகம் புகுந்தார் என்னும் குழப்பம் இல்லை. கத்தோலிக்கர் மூன்றாவதாக ஓர் இடமும் கொண்டனர். அது உத்தரிக்கிற ஸ்தலம். வினை தீர்ந்தபின் வெளியேறும் அவ்விடமே நம் பழைய நரகத்துக்கு அணுக்கமானது என்றால் சிலர் முகஞ்சுளிப்பர்! சீர்திருத்தச் சபையார் அதனை ஏற்பதில்லை.

மீட்புக்கும் சொற்கள் பல. சீர்திருத்தச் சபையார் இரட்சிப்பு என்பர், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் வெளியிட்ட காப்பியமும் ‘இரட்சணிய யாத்திரிகம்’ எனப் பெயர் பெற்றது. இரட்சித்தல் என்பது காத்தல். மீட்டல் அதனின் வேறு. அடகு வைத்த நகையை விலை கொடுத்துத் திரும்பப் பெறுதலையும் மீட்டல் என்கிறோம். விலை கொடுக்கப்பட்டது என்னும் கருத்தே சிலுவைக் கொள்கையின் உயிர்நிலை. இரு சபையாரும் கூடி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் மீட்பு என்னும் சொல்லை ஆண்டது நன்று.

இனி, ஜப்பானியர் அழுகைக்கு வருவோம். புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் 1770 முதல் 1782 வரை நடந்த குருமடம், 1808-இல் பினாங்கில் மீண்டும் தோன்றியது. இங்கு ஆசிரியராயிருந்த இம்பேர், சாஸ்தான் என்னும் பிரெஞ்சுக் குருமார் இருவர் 1839-இல் கொரியாவில் கொல்லப்பட்டனர். திருச்சபைக்குப் புறம்பே மீட்பில்லை என்னும் பழங்கோட்பாடு ஓங்கியிருந்த காலம் அது. ஓர் உயிரேனும் இழக்கப்படலாகாது என்னும் பதைப்பின்றி அத்தகைய செலவை விளக்குதல் அரிது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றியே நற்செய்தியை அறியாது, நேரிய உள்ளத்தோடு இறைவனைத் தேடி, மனச்சான்றின்படி ஒழுகுவோரும் மீட்படையலாம் என்று அறிவித்தது. சவேரியாரின் முடங்கலுக்கும் இவ்வறிவிப்புக்கும் இடையே 412 ஆண்டுகள் உள்ளன.