அன்ரியின் அட்டைப்பெட்டியும் பில்லியன் டாலர் ஃபைலும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. பரீட்சை, பார்ட்-டைம் வேலை, குளிர் என்று வழக்கமான மூன்று சாக்குகள்தான். இன்றைக்கு எழுத வைத்தது ஓர் அட்டைப்பெட்டி.

நான் குடியிருப்பது டோர்செட் பார்க்கில், கென்னடி ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட். வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மதுரைக்காரனான நான் முதலில் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எனக்கும் 'அன்ரி' ஆகிவிட்டது. அவர் பல வருடமாகப் போய்வந்த குடும்ப டாக்டர் ரிட்டயர் ஆகிவிட்டார். புது டாக்டருக்குக் கொடுக்கவேண்டும் என்று பழைய ஃபைலைக் கேட்டால், காசு கட்டச் சொல்லி ஒரு பெட்டி நிறைய பேப்பர் கொடுத்திருக்கிறார்கள்.

"தம்பி, நீங்கள் இதைத்தானே படிக்கிறியள்? எனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதெண்டு இதில எங்க எழுதிக்கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டியில் கையெழுத்துப் பக்கங்கள் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தது! அதைப் பிரிண்ட் எடுத்து, புது கிளினிக்கில் ஸ்கேன் பண்ணி, இன்னொரு கம்ப்யூட்டருக்குள் படமாகப் போடுவார்கள். யாராவது உட்கார்ந்து அலர்ஜிக்கான கட்டத்தில் கையால் ஏற்றாவிட்டால், டாக்டர் பெனிசிலின் எழுதும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

நான் இங்கே படிப்பது சுகாதாரத் தகவலியல். இந்தக் கூத்து எப்படி வந்தது என்று அன்ரிக்குச் சொல்ல ஆரம்பித்து, அரைமணி நேரம் லெக்சர் ஆகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொறுமையுள்ளவர்கள் தொடரவும் :-)

கதை 1968-ல் தொடங்குகிறது. லாரன்ஸ் வீட் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். டாக்டர்களின் குறிப்புகள் டைரி மாதிரி தேதிவாரியாகக் கிடக்கின்றன, நோயாளிக்கு என்னென்ன பிரச்சினை என்ற பட்டியல் முதலில் இருக்கவேண்டும், ஒவ்வொரு குறிப்பும் அதில் ஏதாவது ஒன்றோடு சேரவேண்டும் என்பது அவர் வாதம். பிறகு வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் அதையே கம்ப்யூட்டரிலும் செய்து காட்டினார். 1970-களிலேயே தொடுதிரை! ஆனால் சாதாரண கிளினிக்குகளுக்கு அது வந்து சேரவில்லை. ஒன்டாரியோ கிளினிக்குகளில் கம்ப்யூட்டர் முதலில் நுழைந்தது வைத்தியத்துக்காக அல்ல, ஓஹிப்புக்கு பில் அனுப்பத்தான். காசு வாங்க கம்ப்யூட்டர், வைத்தியம் பார்க்கப் பேப்பர் ஃபைல் என்று பல வருடம் ஓடியது.

2001-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மத்திய அரசு 'கனடா ஹெல்த் இன்ஃபோவே' என்ற அமைப்பைத் தொடங்கியது. அதே காலத்தில் ஹாமில்டனில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் குடும்ப மருத்துவத் துறையில் டேவிட் சான் என்ற டாக்டர் 'ஆஸ்கார்' என்ற மென்பொருளை எழுதினார். அது திறமூலம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். லைசென்ஸ் காசு கிடையாது, நிறுவிக் கொடுப்பதற்கும் பராமரிப்பதற்கும் மட்டும் காசு. லினக்ஸ் ஆசாமிகளுக்குச் சொல்லவே வேண்டாம், புரிந்திருக்கும்.

2004-ல் ஒன்டாரியோ மருத்துவச் சங்கமும் மாகாண அரசும் சேர்ந்து 'ஒன்டாரியோ எம்.டி.' என்ற நிறுவனத்தைக் கொண்டுவந்தன. அது தேறியதென்று சான்று கொடுத்த மென்பொருளை வாங்கினால் ஒரு டாக்டருக்கு மூன்று வருடத்தில் ஏறக்குறைய 30,000 டாலர் வரை உதவி. பிறகென்ன, சந்தை சூடுபிடித்தது. பிராக்டிஸ் சொல்யூஷன்ஸ், மார்க்கம் ஊர் நைட்டிங்கேல், ஏபெல்மெட் என்று ஆளாளுக்குக் கடை விரித்தார்கள்.

டாக்டர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவருக்கு மென்பொருள் தெரியாது. விற்க வருபவர் லேப்டாப்பில் ஒரு கற்பனை நோயாளியை வைத்து டெமோ காட்டுவார். கற்பனை நோயாளிக்கு நோய் குறைவு, ஃபைல் சுத்தம், எல்லாம் மூன்று கிளிக்கில் முடியும். சர்வரை கிளினிக் அலமாரியில் வைப்பதா, இணையம் வழியாக வெளியிலிருந்து வாங்குவதா, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு, இதெல்லாம் கேட்பார்கள். 'நாளைக்கு உங்களை விட்டுப் போகணும்னா என் நோயாளிகளின் தரவை எந்த வடிவில் தருவீர்கள்?' என்ற கேள்வியைக் கல்யாணப் பேச்சில் விவாகரத்துப் பற்றிக் கேட்பதுபோல நினைத்துப் பலர் விட்டுவிட்டார்கள். ஒன்டாரியோ எம்.டி. பின்னாளில் தரவை வெளியே எடுக்க ஒரு பொது வடிவத்தை விதியாக்கியது உண்மை. ஆனாலும் ஒரு நோயாளி மட்டும் இடம் மாறும்போது பிரிண்டரும் ஃபேக்ஸும்தான் பல இடங்களில் இன்றும் கதி.

மாகாணம் முழுவதற்கும் பொதுவான ஆவணம் வேண்டும் என்று அரசு தனியாகச் செலவழித்தது இன்னொரு சோகம். 2008-ல் 'இ-ஹெல்த் ஒன்டாரியோ' பிறந்தது. 2009-ல் டெண்டர் விடாத ஒப்பந்தங்கள் வெளியே வந்தன. ஒரு நாளைக்கு 2,700 டாலர் வாங்கிய ஆலோசகர் டீக்கும் சாக்லேட் பிஸ்கட்டுக்கும் தனியாக பில் போட்டது நாறியது. தலைமை அதிகாரி ஜூனில் போனார். அக்டோபரில் சுகாதார அமைச்சர் டேவிட் காப்லன் ராஜினாமா செய்தார். அந்த மாதம் வந்த தணிக்கை அறிக்கை, மின் ஆவணத்துக்காகச் செலவான சுமார் 1 பில்லியன் டாலருக்குத் தகுந்த பலன் கிடைக்கவில்லை என்றது. ஊழல் என்றால் நம்மூர்தான் என்று நினைப்பவர்கள் கவனிக்க!

அமெரிக்காவில் கதை இன்னும் மோசம். 2009-ல் வந்த ஹைடெக் சட்டம், சான்று பெற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் டாக்டருக்கு மெடிகேர் வழியே 44,000 டாலர் வரை கொடுத்தது. விளைவு? ஈகிளினிக்கல்வொர்க்ஸ் நிறுவனம், பரீட்சையில் கேட்கப்போகும் 16 மருந்துக் குறியீடுகளை மட்டும் மென்பொருளுக்குள் எழுதிவைத்துத் தேர்வை ஒப்பேற்றியது என்பது அரசின் குற்றச்சாட்டு. 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்' மட்டும் மனப்பாடம் பண்ணும் நம்ம டெக்னிக்தான் :-) 2017-ல் 155 மில்லியன் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனார்கள்.

பிராக்டிஸ் ஃப்யூஷன் டாக்டர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. காசு விளம்பரத்தில். 2016 முதல் 2019 வரை அதில் வலி சம்பந்தமான ஓர் எச்சரிக்கைப் பெட்டி ஓடியது. டாக்டர் அதை மருத்துவ ஆலோசனை என்று நம்புவார். உண்மையில் ஓபியாய்டு மாத்திரை விற்பனையைக் கூட்ட, மருந்து கம்பெனியிடம் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு வடிவமைத்தது. 2020 ஜனவரியில் 145 மில்லியன் டாலருக்கு வழக்கு முடிந்தது. அமெரிக்காவில் ஓபியாய்டால் எத்தனை வீடுகளில் இழவு விழுந்தது என்று தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும்போது வயிறு கலங்கும்.

கனடாவில் அப்படி வழக்கு இல்லை, ஆனால் கடைகள் கைமாறிக்கொண்டே இருந்தன. தொலைபேசி கம்பெனியான டெலஸ் 2012-ல் வுல்ஃபை, 2016-ல் நைட்டிங்கேலின் கனடா வியாபாரத்தை வாங்கியது. அதே 2016-ல் 'அக்யூரோ' தயாரிக்கும் கியூ.எச்.ஆர். நிறுவனத்தை லோப்லாஸ் குழுமம் சுமார் 170 மில்லியன் டாலருக்கு வாங்கியது. நோ ஃப்ரில்ஸில் கொத்தமல்லி வாங்குகிறோமே, அதே ஆட்கள்தான். ஷாப்பர்ஸ் மருந்துக்கடையும் அவர்களுடையதே. திறமூல ஆஸ்காரைப் பராமரித்த நிறுவனங்களைக்கூட 2019 வாக்கில் வெல் ஹெல்த் வாங்கத் தொடங்கியது. ஆனால் ஒரு வித்தியாசம், கம்பெனி கைமாறினாலும் ஆஸ்காரின் மூலநிரல் பொதுவில்தான் இருக்கிறது.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். விற்பவர் உண்டு, வாங்கும் டாக்டர் உண்டு, காசு கொடுக்கும் அரசு உண்டு. டெமோ நடக்கும் அறையில் அன்ரி இல்லை. 2004-ல் வந்த ஒன்டாரியோவின் தனியுரிமைச் சட்டப்படி அவர் ஃபைலைப் பார்க்கவும் நகல் கேட்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. உரிமை கிடைத்தது, பெட்டியாக.

அடுத்த வருடம் படிப்பு முடிந்தால் எனக்கும் இப்படியொரு கம்பெனியில்தான் வேலை கிடைக்கும், அநேகமாக டெமோ காட்டும் வேலை. அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்த பிறகு வாய் கூசாமல் 'மூன்று கிளிக்' என்று சொல்ல முடியுமா, தெரியலை.

அன்று அன்ரிக்கு ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேலே அலர்ஜி, அடுத்து சர்க்கரை, பிரஷர், செய்த ஆபரேஷன்கள், இப்போது எடுக்கும் மருந்துகள். எழுதி முடித்தபின்தான் உறைத்தது, வீட் 1968-ல் கேட்டது இதைத்தான். "பெட்டியைக் குடுக்க முதல் இதை டொக்டரின்ர கையில குடுங்கோ" என்று அவர் பாஷையிலேயே சொல்லி அனுப்பினேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எழுதியவர்கள் வேறு என்னென்ன சேர்த்தீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.