கோதுமைக் கப்பலும் பனியன் மூட்டையும்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், பெரும்பாலான இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா விதித்த வரி நூற்றுக்கு 50 ஆயிற்று. அதிற் பாதி, நாம் ருஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காக விதிக்கப்பட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் அந்நாட்களில் என்னைக் காண வந்தார். “ஐயா, எண்ணெய் விவகாரம் டில்லிக்கும் வாஷிங்டனுக்கும்; வரி மட்டும் என் துணிக்கு. இஃது என்ன நியாயம்?” என்றார். வரலாறு கற்பித்தவனிடம் நியாயம் கேட்டால் அவன் பழைய கதையைத்தான் சொல்வான். மாணவ நண்பர்களே, அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1954இல் அமெரிக்கா ‘பொதுச் சட்டம் 480’ என்பதை இயற்றியது. தன்னிடம் மிகுந்துவிட்ட தானியத்தை, டாலர் இல்லாத நாடுகளுக்கு அவற்றின் சொந்த நாணயத்திலேயே விற்கும் ஏற்பாடு அது. 1956 முதல் நாம் ரூபாய் கொடுத்துக் கோதுமை பெற்றோம். எந்த இராணுவக் கூட்டிலும் சேராமலே பெற்றோம். பாகிஸ்தானோ 1954, 1955 ஆண்டுகளில் இரு கூட்டுகளில் சேர்ந்தது. கூட்டாளிக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 1965 ஏப்ரலில் அதிபர் ஜான்சன், அயூப் கானின் வருகையையும் லால் பகதூர் சாஸ்திரியின் வருகையையும் ஒருசேரத் தள்ளிவைத்தார். செப்டம்பரில் போர் மூண்டதும் இருவருக்கும் ஆயுத உதவியை நிறுத்தினார்.

அவ்வாண்டு மழையும் பொய்த்தது. 1964-65இல் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த நம் தானிய விளைச்சல், மறு ஆண்டு 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சுருங்கியது. நீண்ட கால ஒப்பந்தம் செய்ய மறுத்த ஜான்சன், சில மாதத் தேவைக்கு மட்டும் அளந்தளந்து கோதுமையை விடுவித்தார். 1966 ஜூலையில், வட வியத்நாம் மீது குண்டு வீசுவதை நிறுத்த வேண்டும் என்றார் இந்திரா காந்தி. வாஷிங்டனில் முகம் சுளித்தார்கள். ஆண்டின் பிற்பகுதியில் கப்பல்களுக்கு அனுமதி தாமதமாயிற்று. ஆயினும் அவ்வாண்டில் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது என்பதையும், அதிற் பெரும்பகுதி அமெரிக்கத் தானியமே என்பதையும் மறைத்தல் தகாது. பீகார் மக்கள் அதை உண்டே பிழைத்தனர்.

அப்போது உணவு அமைச்சராக இருந்தவர் நம் கொங்கு நாட்டவர், பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமாபுரியில் அமெரிக்க வேளாண்மை அமைச்சர் ஆர்வில் ஃபிரீமனுடன் அவர் ஓர் உடன்பாடு செய்தார்: இந்தியா வேளாண்மையில் முதலீட்டைப் பெருக்கும், உரமும் புதிய விதையும் பரப்பும். அந்நியன் நிபந்தனைக்குப் பணிந்தார் என்று வெகுண்டவர் உண்டு. எனக்கோ, தாம் செய்ய விரும்பியதையே அவர்கள் நிபந்தனையாகக் கேட்கும்படி அமைத்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. 1971இன் முடிவில் அமெரிக்கச் சலுகைத் தானியத்தை வேண்டாம் என்று நிறுத்த நம்மால் முடிந்தது. அதே ஆண்டு, வங்கப் போரில் அமெரிக்காவின் விருப்பத்துக்கு மாறாக நடக்கவும் முடிந்தது.

“அன்று விதையை மாற்றினார்கள். நாங்கள் எதை மாற்றுவது, ஐயா?” என்றார் மாணவர்.

கேள்வி சரியானதே. அன்று நாம் வாங்குபவர், அவர் விற்பவர். கோதுமையை நாமே விளைத்துக்கொண்டால் வாங்குவதை விட்டுவிடலாம். தைத்து அடுக்கிய பனியனையோ யாரேனும் வாங்கியாக வேண்டும். இதைச் சொன்னேன். 2025 ஜூலை 24 அன்று இங்கிலாந்துடன் கையெழுத்தான வாணிப உடன்படிக்கை எப்போது நடைமுறைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார்.